திறந்த கேள்விகள்: பூச்சியம்

குலோத்துங்கனுக்கு ‘ஐயம் தீர்த்த அண்ணல்’ என்று பட்டம் கொடுப்பதாக முடிவான அதே வெள்ளிக்கிழமைதான் அவர் மனைவி பூங்கோதைக்கு உலகம் தாமதமாகக் கேட்கத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று பட்டம் கொடுத்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பார்கள். பொன்னாடைக்கு ஆர்டர் போயாகிவிட்டது.

பூங்கோதை கோவை குடும்பநல நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். வாக்குமூலத்தை இயந்திரம் எழுதினால், வேறு எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பு வக்கீல்களும் ஒரே குரலில் ஆட்சேபிப்பார்கள் என்பதால் 2047-லும் அந்த வேலை உயிரோடு இருந்தது. முப்பத்தைந்து வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. எட்டு வருடமாக எலும்புக்குள் பதித்த செவிக்கருவிதான் அவளுக்குக் காது. செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிக்கொண்டு போய்விட, கருவியை ஓட்டும் மென்பொருளை ஆர்வலர்கள் இலவசமாகப் பார்த்துக்கொண்டார்கள். அதன் பெயர் ‘குழை’. காதணி என்று பொருள். நிரல் எழுதுகிறவர்கள் பெயர் வைக்கும்போது மட்டும் தமிழறிஞர்கள் ஆகிவிடுவார்கள்.

அன்று பதினோரு மணி தேநீர் இடைவேளையில் ‘குழை புதுப்பிக்கப்பட்டது, நன்றி’ என்று அலைபேசி சொன்னது. யார் யாருக்கு நன்றி என்று அது சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கூண்டில் நின்ற மாமியார் வாயை மூடி உட்கார்ந்துவிட்டார். ஆனால் பூங்கோதையின் காதில் அவர் இன்னும் நாலு நிமிடம் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குக் கோர்ட் கலைந்து, விசிறியை நிறுத்தி, எல்லோரும் போன பிறகும் பூங்கோதை காலி ஹாலில் தனியாக உட்கார்ந்து இருபத்துநாலு நிமிடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூட விடவில்லை. எல்லாம் வந்தது, தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

கணக்கு அவளுக்கே பிடிபட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய நாலு நிமிடம். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு நீதிபதி வந்து உட்கார்ந்தபோது அவள் காதில் காலை ஆறு மணி குக்கர் விசில் அடித்தது.

நீதிபதி நல்ல மனுஷி. அலைபேசி பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் என்பதால் அதைப் பார்த்துப் பேசினார். “ஏம்மா பூங்கோதை, இதைப் பாத்துப் பாத்து எழுதினா அதுவும் மெஷின் எழுதுன கணக்குதான். வக்கீலுங்க விடமாட்டாங்க. ரெண்டு வாரம் டைம் தர்றேன். அதுக்குள்ள சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா ஆவண அறைக்குத்தான் மாத்தணும்.”

ஆவண அறை என்பது தீர்ந்துபோன விவாகரத்துகளைக் கட்டிக் கட்டி அடுக்கும் இடம். அங்கே காது தேவையில்லை.

கருவியை ரீசெட் செய்துவிடலாமே என்று தோன்றும். செய்யலாம். கருவி பதித்த புதிதில் எல்லாக் குரலும் தகர டப்பாவில் ஆணி போட்டு உலுக்கியதுபோல்தான் கேட்கும். நிபுணர் ஒருவர் எட்டு மாதம், வாரம் இருமுறை, உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாகத் திருத்தி அதை மனுஷக் குரல் ஆக்கியிருந்தார். ரீசெட் அழுத்தினால் அந்த எட்டு மாதமும் போய்விடும். திரும்ப ஆணி, திரும்ப டப்பா. அந்த நிபுணரும் இப்போது உயிரோடு இல்லை.

ஆகவே அவள் ‘தெளிவு’க்குப் போனாள்.

தெளிவு என்பது கேள்வி-பதில் தளம். எந்த மென்பொருளுக்கும் உதவி இனி அங்கேதான் என்று உலகம் ஒப்புக்கொண்டு வருடங்கள் ஆகியிருந்தன. நல்ல பதிலுக்குப் புள்ளி, புள்ளிக்குப் பதக்கம், பதக்கத்துக்குப் பட்டம். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கக்கூடாது என்பது அதன் ஒரே வேதம். கேட்டால் ‘நகல்’ என்று முத்திரை குத்தி மூடிவிடுவார்கள். முன்பு அந்த வேலையை மட்டுறுத்துநர்கள் கையால் செய்தார்கள். பிறகு ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அது கருத்தாகக் கற்றுக்கொண்டு, மனித இனம் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டது என்று கண்டுபிடித்தது. மூன்று மாதமாகத் தளத்தின் முகப்பில் பச்சை எழுத்து மின்னியது: ‘திறந்த கேள்விகள்: 0’. ஒரு மருத்துவமனை தன் வாசலைப் பூட்டிவிட்டு, நோயாளியே இல்லை என்று கொண்டாடுவதுபோல அவர்கள் கொண்டாடினார்கள். அந்தச் சாதனைக்குத்தான் விழா. தலைமை மட்டுறுத்துநர் குலோத்துங்கன். பகலில் பம்ப் கம்பெனியில் மேலாளர், மற்ற நேரமெல்லாம் தெளிவு.

பூங்கோதை ‘கோதை43’ என்ற பெயரில் கேட்டாள்: புதுப்பித்த பிறகு செவிக்கருவியில் ஒலி தாமதமாகிறது, தாமதம் வளர்ந்துகொண்டே போகிறது, ரீசெட் செய்யாமல் நிறுத்துவது எப்படி?

நாலு விநாடியில் பதில்: ‘இது, மேடைப் பாட்டில் எதிரொலி வரவழைப்பது எப்படி என்ற கேள்வியின் நகல். மூடப்பட்டது. கேட்பதற்கு முன் தேடவும்.’ கீழே, பரிந்துரை: ரீசெட் செய்யவும்.

ஆட்சேபிக்க ஐம்பது புள்ளி வேண்டும். புள்ளி வேண்டுமானால் யாருக்காவது பதில் சொல்ல வேண்டும். திறந்த கேள்வியே இல்லாத தளத்தில் எதற்குப் பதில் சொல்வது? வேறு வார்த்தைகளில் மறுபடி கேட்டாள். அவளுடைய முதல் கேள்வியின் நகல் என்று மூடியது. மூன்றாம் முறை கேட்டதும் ‘அலைக்கழிப்பவர்’ என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதி ஒரு மாதத்துக்குக் கதவைச் சாத்தியது.

அன்று சாப்பாட்டு மேஜையில் அலைபேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக் கணவனிடம் சொன்னாள்.

“ஏனுங்க, உங்க தளத்துலதானுங்க கேட்டேன். பாட்டுக் கச்சேரிக் கேள்விங்குதுங்க அது.”

“இயந்திரம் தொண்ணூத்தொம்பது புள்ளி எட்டு சதம் சரியாச் சொல்லும்,” என்றார் குலோத்துங்கன். வீட்டிலும் அவர் பத்தி பிரித்துத்தான் பேசுவார்.

“மிச்சம் புள்ளி ரெண்டு?”

“அவங்கெல்லாம் கேள்வியை ஒழுங்காக் கேக்கத் தெரியாதவங்க.”

“நீங்க கொஞ்சம் தொறந்து உடலாமில்லீங்க? நீங்கதான தலைவரு?”

“சொந்தக்காரங்களுக்காக விதியை வளைக்கிறதா? நல்லாக் கேட்டே போ. என் பேரு என்னத்துக்காகும்? பதில் அங்கயே போட்டிருக்குதில்ல, ரீசெட் பண்ணிக்கோ. எட்டு மாசந்தானே?”

அவளுடைய எட்டு மாதத்தை அவர் மூன்று விநாடியில் முடித்துவிட்டார். ரசத்தை ஊற்றிக்கொண்டு விழா மேடையில் நாற்காலி எத்தனை போடுவது என்ற கவலைக்குப் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் பூங்கோதை செத்தவர்களிடம் போனாள்.

குழைக்கு முன்பு ஒரு மடற்குழு இருந்தது. ஒருவர் மின்னஞ்சல் போட்டால் குழுவில் உள்ள எல்லோருக்கும் போகும், பதிலும் எல்லோருக்கும் வரும். புள்ளி கிடையாது, பதக்கம் கிடையாது, நாகரிகமும் கிடையாது. தொள்ளாயிரம் பேர் இருந்தார்கள். உதவியெல்லாம் தெளிவுக்குப் போனபோது ‘மடற்குழு காலமாகிவிட்டது’ என்ற அறிவிப்பை அந்த மடற்குழுவுக்கே அனுப்பினார்கள். மிஞ்சியவர்கள் பதினோரு பேர். விசுவாசத்தால் மிஞ்சினார்கள் என்று நினைக்க வேண்டாம். பாதிப் பேருக்கு விலகுவது எப்படி என்று தெரியவில்லை. மாதம் ஒருமுறை யாராவது ‘என்னை நீக்கவும்’ என்று எல்லோருக்கும் எழுதுவார், எல்லோரும் அவரைத் திட்டுவார்கள், அவர் இருந்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமை பூங்கோதை, குழுவின் பழைய மடல் ஒன்றுக்குப் பதிலாகத் தன் கேள்வியை எழுதினாள். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. ஆவலோடு திறந்தாள். கும்பகோணம் ராமசேஷு, தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர், எழுதியிருந்தார்:

‘அம்மணி, பழைய மடலை மேற்கோள் காட்டும்போது பதிலை அதற்குக் கீழே எழுத வேண்டும். நீங்கள் மேலே எழுதியிருக்கிறீர்கள். இந்தக் குழுவில் இருபத்தாறு வருடமாகக் கீழேதான் எழுதுகிறோம்.’

மேலே எழுதினால் என்ன கெட்டுப்போயிற்று என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான். மூன்று நாள், நாற்பத்தாறு மடல், மேலா கீழா என்று ரத்தக்களரி. பூங்கோதையின் காதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அங்கே மூடினார்கள், இங்கே திறந்துபோட்டுவிட்டு மறந்தார்கள். எதில் கொழுப்பு அதிகம் என்று அவளால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தாள்: அவள் கேள்வி அங்கே அப்படியே கிடந்தது. அதன்மேல் யாரும் முத்திரை குத்தவில்லை. குத்த அங்கே முத்திரையே இல்லை.

நாள் ஓடியது. காதில் நேரம் பின்னால் போனது. பகல் சாப்பாட்டின்போது விடியற்காலைக் காக்கை. கோவிலுக்குப் போன இடத்தில் காலையில் தெருவில் போன குப்பை வண்டிப் பாட்டு. தன் குரலையே அரை நாள் கழித்துக் கேட்டு, இவ்வளவு கெஞ்சியா பேசுகிறோம் என்று வெட்கப்பட்டாள். வீட்டில் அலைபேசி பக்கத்தில் இருந்தால் படித்துக்கொள்வாள். இல்லாவிட்டால் குலோத்துங்கன் தாளில் எழுதிக் காட்டுவார். நாளாக ஆக அதுவும் குறைந்தது. அவளை நடமாடும் மேஜை விளக்காக எண்ணி, விலகிச் சுற்றிக்கொண்டு போனார்.

விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, காலை பதினோரு மணி. பூங்கோதை மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அலைபேசி சமையலறையில் சார்ஜில் கிடந்தது. எதிரே குலோத்துங்கன் கணினித் திரையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். தூத்துக்குடியிலிருந்து இன்னொரு மட்டுறுத்துநர், டெரன்ஸ் என்ற இளைஞன். தண்ணீர் எடுக்க எழுந்தவள் திரையைப் பார்த்தாள். அதில் அவளுடைய கேள்வி இருந்தது. ‘கோதை43’ என்ற பெயர் மஞ்சளில் தெரிந்தது. குலோத்துங்கன் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கொஞ்சமும் பதறாமல் பேச்சைத் தொடர்ந்தார். சிரிக்கக்கூடச் செய்தார்.

அன்று மாலை மடற்குழுவில் பதில் வந்தது. பதினோரு நாள் கழித்து. நாகர்கோவில் நிர்மலா தேவசகாயம், ரப்பர் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். அவர் காதிலும் அதே கருவி.

‘மலைமேல எஸ்டேட்டுல இருந்தேன் மக்ளே, சிக்னல் இல்ல. இப்பத்தான் இறங்கினேன். உன் மடலைப் படிச்சதும் புதுசு எதையும் ஏத்தாம என் கருவியைப் பூட்டிட்டேன், அதுக்கு உனக்கு நன்றி. விஷயம் இதான். உன் கருவி அறுபது விநாடிச் சத்தத்தைத் துப்புரவாக்க அறுபத்துநாலு விநாடி எடுக்கு. எப்பவும் அப்படித்தான், கிழட்டுக் கருவி. பழைய குழை என்ன செய்யும்னா, பின்தங்கினா நடுவுல துளித் துளியா எறிஞ்சிட்டு ஓடிவந்து சேந்துக்கும். உனக்குத் தெரியவே தெரியாது. புதுசு எறிய மாட்டேங்குது. எல்லாத்தையும் வரிசையில நிக்க வைக்குது. இந்தப் புதுத் திருத்தத்தை எழுதினது மனுஷன் இல்ல, தெளிவோட இயந்திரம்; இப்ப அந்த வேலையும் அதுகிட்டதான். அதிக வோட்டு வாங்கின பதிலைப் பாத்து எழுதியிருக்கு. நாணயமா மேற்கோளும் போட்டிருக்கு: பதில் எண் 3318, “எதையும் எறியாதே, நினைவகம் மலிவு.” எழுதினவன் பேரு குலோத்துங்கன்_கோவை. உங்க ஊருதான். தெரிஞ்ச ஆளா?’

பூங்கோதைக்குத் தெரிந்த ஆள்தான். அந்த வாசகம் அச்சடித்த டீஷர்ட் மூன்று, மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

கீழே ஒரு சின்ன நிரல் இணைத்திருந்தது. போட்டுவிட்டு ‘காலி செய்’ என்று அழுத்தினால் போதும், ரீசெட் வேண்டாம், எட்டு மாதமும் பத்திரம். அதற்கும் கீழே இரண்டு வரி:

‘அழுத்தினதும் வரிசையில கிடக்கிற சத்தமெல்லாம் போயிரும். கேக்க வேண்டியது ஏதும் உள்ள இருந்தா கேட்டுட்டு அழுத்து. அப்புறம், சரியானா என்ன பண்ணினேன்னு குழுவுக்கு எழுதிப் போட்டுட்டுத்தான் போகணும். இங்க கூலி அது ஒண்ணுதான்.’

அவள் நிரலைப் போட்டாள். பெருவிரலைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனாள். பிறகு எடுத்துவிட்டாள். காலை பதினோரு மணி இன்னும் அவள் காதுக்கு வந்து சேரவில்லை. பதினாறு நாளில் ஒரு முழு நாள் பாக்கி. அது நாளைக்குப் பதினோரு மணிக்குத்தான் வரும்.

ஞாயிறு விழா, அவினாசி சாலையில் ஒரு கல்யாண மண்டபம். கேள்வி கேட்பதை ஒழித்ததற்காக இருநூறு பேர் கூடியிருந்தார்கள். மேடையில் ஆளுயரத்துக்குப் பச்சைப் பூச்சியம் மின்னியது. அறிவிப்பாளர் குலோத்துங்கனை அறிவுக்கடல் என்றார், அறிவுக்கலங்கரை என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கடலுக்கே போனார். எட்டுப் பேர் பொன்னாடை போர்த்தினார்கள். ஏப்ரல் மாதம். உள்ளே அவர் அவிந்துகொண்டிருந்தார், முகத்தில் பணிவு வழிந்தது.

முதல் வரிசையில் பூங்கோதை மடியில் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலி அம்மா, கணவர் பேச்சை எழுதப்போகிறாளாக்கும் என்று கன்னத்தில் கை வைத்துப் பூரித்தார். ஒரு வகையில் அது சரிதான்.

பதினோரு மணி. மேடையில் குலோத்துங்கனின் வாய் அசைந்தது. அவள் காதில் கத்தி பலகையில் பட்டுப் பட்டு பீன்ஸ் நறுக்கியது. பிறகு கணினியிலிருந்து டெரன்ஸின் குரல்.

“அண்ணாச்சி, இந்தக் கேள்வி நகல் இல்லியே? நானும் நாலு தடவ படிச்சிட்டேன். மேடைப் பாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“இல்லதான்.”

“அப்போ திறந்திருவோமா? நம்ம பேச்சைக் கேட்டு நாப்பத்தோரு பேரு ரீசெட் பண்ணிட்டாவ அண்ணாச்சி. திண்டிவனத்துல ஒரு தபால்காரர், பாவம், பேத்தி பேசுறது தகரம் மாதிரி கேக்குன்னு எழுதியிருக்காரு.”

“டெரன்ஸு, பொறுமையாக் கேளு. நேத்துத்தான் உள்ள போயிப் பாத்தேன். அது என்னோட 3318. நாலாயிரத்து நூறு வோட்டு. தப்புன்னு ஆச்சுன்னா அடுக்கி வெச்சதெல்லாம் சரியும். நாளைக்கு மேடையில பூச்சியம் ஒண்ணாயிடும். யாருக்குப் பட்டம், எதுக்குப் பட்டம்? திங்கக்கிழமை பாத்துக்கலாம்.”

“கேட்டது யாருன்னு தெரியுமா? கோதை43-ன்னு போட்டிருக்கு.”

“என் சம்சாரந்தான்.”

கத்தி நின்றது. நாற்காலி நகர்ந்தது. தண்ணீர் எடுக்க எழுந்தது அவளேதான்.

“ஐயையோ, அண்ணி பக்கத்துலயா இருக்காவ?”

“பின்னாலதான் நிக்குறா.” ஒரு சிரிப்பு. “நீ பேசு. அவளுக்குக் கேக்காது.”

பூங்கோதை அதையும் எழுதினாள். சிரிப்பை அடைப்புக்குறிக்குள் போட்டாள், நீதிமன்ற வழக்கப்படி. நேரம், தேதி, பேசியவர் பெயர். பென்சில் எங்கும் தடுமாறவில்லை. பதினாறு வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதர், தாமதத்தையும் செவிட்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டார். உடனே பதில் வராவிட்டால் பதிலே இல்லை என்று நம்புகிற தளத்தில் இவ்வளவு காலம் குடியிருந்தால் புத்தி அப்படித்தான் போகும்.

குறிப்பேட்டை மூடினாள். அலைபேசியை எடுத்து ‘காலி செய்’ என்பதை அழுத்தினாள்.

ஒரு கணம் பூரண நிசப்தம். பிறகு ஹால் மொத்தமும் ஒரே அடியாக உள்ளே வந்து விழுந்தது. விசிறி, குழந்தை அழுகை, பந்தியில் தட்டுகள். பதினாறு நாளுக்குப் பிறகு ஒரு வாயும் அதன் குரலும் அவளுக்கு ஒன்றாகச் சேர்ந்தன. அந்த வாய் சொல்லிக்கொண்டிருந்தது: “...ஒரு கேள்வியைக்கூட, ஒரே ஒரு கேள்வியைக்கூட, நாங்கள் அலட்சியம் செய்ததில்லை.”

கைதட்டல். சரியான நேரத்தில் கேட்டது.

“அண்ணலின் வெற்றிக்குப் பின்னால் நிற்கும் துணைவியார் மேடைக்கு வரவேண்டும்,” என்றார் அறிவிப்பாளர். அவள் போனாள். ஒன்பதாவது பொன்னாடையை இருவருக்கும் சேர்த்துப் போர்த்தினார்கள். போட்டோக்காரர் நெருங்கி நிற்கச் சொன்னார். குலோத்துங்கன் வழக்கம்போல விரலால் காற்றில் எழுதி, சிரி என்று ஜாடை காட்டினார்.

“வாயிலயே சொல்லுங்க,” என்றாள் பூங்கோதை. “கேக்குது.”

அவர் முகம் முதலில் மலர்ந்தது. மனுஷன்தானே. “அட, சரியாயிடுச்சா? எப்ப இருந்து?”

“நேத்துக் காலையில பதினோரு மணியில இருந்துங்க.”

போட்டோக்காரர் சரியாக அந்த நொடியில் எடுத்துவிட்டார். அந்தப் படம் இன்னும் தெளிவின் முகப்பில் இருக்கிறது. பூச்சியத்துக்குப் பக்கத்தில், கண்கள் பிதுங்க, அண்ணல்.

வீடு திரும்பியதும் பூங்கோதை கூலியைக் கொடுத்தாள். என்ன கோளாறு, எதனால், எப்படிச் சரியானது என்று மடற்குழுவுக்கு எழுதினாள். கேள்வி ஏன் மூடியே கிடந்தது என்பதற்குச் சான்றாக சனிக்கிழமைப் பேச்சை வரி பிசகாமல் பெயர்த்து எழுதி, கடைசியில் ‘என் முன்னிலையில் பேசப்பட்டது, என்னால் பதிவு செய்யப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டாள். மடற்குழுவில் ஒன்று விழுந்தால் விழுந்ததுதான். திருத்தவோ மூடவோ அங்கே யாருக்கும் புள்ளி போதாது.

நாலு நிமிடத்தில் முதல் பதில் வந்தது, ராமசேஷுவிடமிருந்து. ‘அம்மணி, மறுபடி மேலேயே எழுதியிருக்கிறீர்கள்.’ ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று, அவரிடமிருந்தே. ‘ஆனால் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். என் மாப்பிள்ளைக்கும் இந்தக் கருவிதான். பிழைத்தான்.’

யாரோ அந்த மடலைத் தெளிவில் கேள்வியாகப் போட்டார்கள். நகல் என்று மூடியது. பூச்சியம் பூச்சியமாகவே இருக்கிறது. மடற்குழுவில் மட்டும் ஒரே வாரத்தில் இரண்டாயிரம் பேர் சேர்ந்து, இரண்டாயிரம் பேரும் ராமசேஷுவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். திண்டிவனத்துத் தபால்காரரும் வந்தார். அவருக்கு இனி எதுவும் செய்வதற்கில்லை என்று நிர்மலா எழுதினார். அவர் அதை ஒப்புக்கொண்டு, பிறருக்காவது உதவலாம் என்று குழுவிலேயே இருந்துவிட்டார். விழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை பத்தரைக்கே, பூங்கோதை கோர்ட்டில் இருந்தாள்.

குலோத்துங்கன் இப்போது வீட்டில் வாய் திறப்பதில்லை. சுவருக்கும் நினைவாற்றல் இருக்குமோ என்று பயம். எதுவானாலும் தாளில் எழுதி மேஜையில் வைக்கிறார். பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மன்னிப்பு மட்டும் மூன்று முறை கேட்டுவிட்டார். நேற்று நாலாம் முறையாக ஒரு தாள் வைத்திருந்தார். ‘இப்படியே எத்தனை நாளைக்கு? என்னை மன்னிக்கக்கூடாதா?’

பூங்கோதை படித்தாள். பென்சிலை எடுத்தாள். ராமசேஷு சொன்னபடி, மேற்கோளுக்குக் கீழே எழுதினாள்:

‘நகல் கேள்வி. மூடப்பட்டது.’